நம்ம ஊரு காத்துல கலக்குற புகையும் புழுதியும் எங்கெங்க இருந்து எவ்வளவு வருது, அத எப்படி கணக்கு போடுதாங்க?

போன்ல ஆப்ப தொறந்தா திருநெல்வேலி காத்து இன்னைக்கு இவ்வளவுன்னு ஒரு நம்பரும் பச்சையோ மஞ்சளோ ஒரு கலரும் காட்டும். அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டா போதும், ஒரு மாமா "எல்லாம் டிப்பர் லாரியால"ம்பாரு, சித்தப்பா "குப்பைய கொளுத்துறதுதான் காரணம்"பாரு, வெளிநாட்டுல இருக்குற மச்சான் "பேக்டரி"ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிருவாரு. மூணு பேரு கையிலயும் கணக்கு கிடையாது, அந்த ஆப் நம்பர்லயும் இதுக்கு பதில் கிடையாது. ஏன்னா அது காத்துல இப்ப எவ்வளவு அழுக்கு நிக்குன்னு மட்டும்தான் சொல்லும், யாரு எவ்வளவு விட்டான்னு சொல்லாது. இந்த ரெண்டும் வேற வேற விஷயம், இத பிரிச்சு பாக்க தெரிஞ்சா பாதி பாடம் முடிஞ்சுது.

நயினார்குளத்த எடுத்துக்கோங்க. குளத்துல தண்ணி எத்தனை அடி நிக்குன்னு அளக்கிறது ஒரு வேலை, எந்த வாய்க்கா வழியா எவ்வளவு தண்ணி உள்ள வருதுன்னு அளக்கிறது வேற வேலை. ஆப்ல வாரது முதல் வகை, அதாவது ஒரு கன மீட்டர் காத்துல எத்தனை மைக்ரோகிராம் தூசுன்னு எடுத்து, இன்னும் சில வாயுக்களையும் சேர்த்து, அதுல எது மோசமா இருக்கோ அத வச்சு ஒரு இன்டெக்ஸ் நம்பரா மாத்தி காட்டுதாங்க. ரெண்டாவது வகைக்கு பேரு எமிஷன், உமிழ்வு. அது வருஷத்துக்கு இத்தனை டன், நாளைக்கு இத்தனை கிலோன்னு வரும். ஒரு ஊருக்குள்ள இருக்குற எல்லா இடத்தோட எமிஷனையும் சேர்த்து எழுதுன கணக்குக்கு எமிஷன் இன்வென்ட்ரின்னு பேரு.

ரெண்டும் ஒண்ணுபோல ஏறி இறங்கும்னு நினைக்கியளா? அங்கதான் நம்ம ஊரு ஏமாத்தும். ஆனி ஆடியில செங்கோட்டை கணவாய் வழியா மேல்காத்து அடிச்சு தள்ளும்போது வண்டி அதே வண்டிதான், சூளை அதே சூளைதான், ஆனா புகை நிக்காம கிழக்க ஓடிரும், அதனால பொடித்தூசு நம்பர் நல்லா இருக்கும், என்ன, ரோட்டுப் புழுதி மட்டும் கண்ணுல அப்பும். அதே ஊருல மார்கழி விடியக்காலம் காத்து அசையாம, மேல இருக்குற காத்து சூடாவும் தரைக்கிட்ட குளிராவும் மூடி போட்ட மாதிரி இருக்குற நேரத்துல கொஞ்சம் புகை விட்டாலே தேங்கி நின்னுரும். அதனால நம்பர் நல்லா இருக்குங்கிறத வச்சு நம்ம ஊருல யாரும் புகை விடலன்னு சொல்ல முடியாது, காத்து காப்பாத்துதுன்னு மட்டும்தான் சொல்லலாம்.

சரி, எமிஷன எப்படி அளக்காங்க. ஒவ்வொரு வண்டி சைலன்சர்லயும் ஒவ்வொரு பரோட்டா கடை அடுப்புலயும் மிஷின் மாட்ட முடியாது. அதனால ஒரு பெருக்கல் கணக்குதான். எவ்வளவு வேலை நடக்குதுன்னு ஒரு எண்ணு, ஒரு அலகு வேலைக்கு எவ்வளவு அழுக்கு வரும்னு இன்னொரு எண்ணு, ரெண்டையும் பெருக்கணும், இடையில ஃபில்டர் ஏதாச்சும் இருந்தா அது புடிச்சு வைக்கறத கழிச்சுக்கணும், அவ்வளவுதான். முதல் எண்ணுக்கு ஆக்டிவிட்டி டேட்டான்னும் ரெண்டாவதுக்கு எமிஷன் ஃபேக்டர்னும் பேரு.

ஒரு பேச்சுக்கு, வண்ணார்பேட்டை பக்கம் 2 கிலோமீட்டர் ரோட்டுல ஒரு நாளைக்கு 10,000 பைக் போகுதுன்னு வச்சுக்குவோம் (எண்ணு சும்மா கணக்குக்கு, நிஜம் இல்ல). பைக்குக்கு பிஎஸ்-6ங்கிற (பாரத் ஸ்டேஜ் 6, புது வண்டி எவ்வளவு புகை விடலாம்னு அரசு போட்ட வரம்பு) விதியில கார்பன் மோனாக்சைடு உச்சவரம்பு கிலோமீட்டருக்கு 1 கிராம். அத அப்படியே வச்சா 10,000 பெருக்கல் 2 பெருக்கல் 1, நாளைக்கு 20 கிலோ, வருஷத்துக்கு 7.3 டன். முடிஞ்சுது. ஸ்கூல் புள்ளையே போட்டுரும். ஆனா அந்த 10,000ங்கிற எண்ணும் 1ங்கிற எண்ணும் எங்க இருந்து வந்துதுங்கிறதுலதான் மொத்த வித்தையும் இருக்கு.

வண்டி எண்ணிக்கைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் ரிஜிஸ்டர பாத்தா போதாதான்னு கேப்பாங்க. போதாது. நம்ம ஊரு டிஎன் 72 நம்பர்ல பதிஞ்ச வண்டியில எத்தனையோ பழைய இரும்புக்கு போயிருக்கும், ஆனா ரிஜிஸ்டர்ல உயிரோட இருக்கும், எத்தனையோ வண்டி சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் ஓடும், இன்னொரு பக்கம் தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் வண்டி நாள் பூரா இங்க ஓடும். அதனால ரோட்டுல நின்னுதான் எண்ணணும். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்துல எண்ணணும்னா ஒரு ஆளு பத்தாது, கீழ போற வண்டி வேற மேல போற வண்டி வேற, ரெண்டுக்கும் தனித்தனி ஆளு வேணும். பைக், ஆட்டோ, லோடு ஆட்டோ, கார், மினி பஸ், டவுன் பஸ், லாரின்னு பிரிச்சு கோடு போட்டு எண்ணணும், இப்ப கேமரா வச்சும் எண்ணுதாங்க. பகல்ல மட்டும் எண்ணிட்டு வந்தா ராத்திரி ஓடுற ஜல்லி லாரி, எம்-சாண்ட் லாரி, லோடு லாரி எல்லாம் விட்டுப்போவும், அதுதான் உள்ளதுலயே அதிகமா புகை விடுறது, அதனால 24 மணி நேரமும் எண்ணணும். இதோட பெட்ரோல் பங்க்ல நின்னு வாற வண்டிக்காரங்ககிட்ட எத்தனை வருஷ வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடிருக்கு, மைலேஜ் எவ்வளவுன்னு கேட்டு எழுதுற சர்வேயும் உண்டு. வண்டியோட வயசு ரொம்ப முக்கியம். டீசல் காருக்கு தூசு வரம்பு பிஎஸ்-3ல கிலோமீட்டருக்கு 50 மில்லிகிராம், பிஎஸ்-4ல 25, 2020 ஏப்ரல்ல இருந்து நாடு முழுக்க வந்த பிஎஸ்-6ல 4.5. அதாவது வரம்பு வரைக்கும் விடுதுன்னே வச்சாலும் ஒரு பழைய பிஎஸ்-3 கார் விடுறது பதினோரு புது காருக்கு சமம். வண்டி எத்தனைங்கிறத விட எந்தக் காலத்து வண்டிங்கிறதுதான் கணக்க புரட்டிப் போடும்.

இனி அந்த எமிஷன் ஃபேக்டர். வண்டிக்குன்னா, உருளைக்கு மேல வண்டிய நிப்பாட்டி ஓட வச்சு, ஏத்தி இறக்கி, கியர் மாத்தி, வெளிய வர்ற புகைய மொத்தமா பையில புடிச்சு அளந்து கிலோமீட்டருக்கு எத்தனை கிராம்னு எடுப்பாங்க. புனேயில இருக்குற வண்டி ஆராய்ச்சி நிறுவனம் ஏ.ஆர்.ஏ.ஐ. இந்திய வண்டிகளுக்கு இத செஞ்சிருக்கு, நம்ம நாட்டு ஊர்க்கணக்குக்கு அதத்தான் எடுத்துக்கிடுதாங்க. மத்த தொழிலுக்கு அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சியோட ஏபி-42ங்கிற பெரிய தொகுப்பு ஒண்ணு இருக்கு, பாய்லர்ல இருந்து கல்லு உடைக்கிற கிரஷர் வரைக்கும் எல்லாத்துக்கும் ஃபேக்டர் போட்டு, ஒவ்வொண்ணும் எவ்வளவு நம்பலாம்னு ஏ-ல இருந்து ஈ வரைக்கும் மார்க்கும் போட்டு வச்சிருக்காங்க. அந்த நேர்மை எனக்கு புடிக்கும். ஆனா அங்க உள்ள பாய்லர்ல அளந்தத கொண்டாந்து கல்லிடைக்குறிச்சி பக்கத்து ரைஸ்மில்லுல உமி எரிக்கிற பாய்லருக்கு அப்படியே போட்டா சரியா வருமான்னா, குத்துமதிப்பாத்தான் வரும்.

இங்க ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். புகை டெஸ்ட் எடுத்து சர்டிபிகேட் வாங்குதோமே, அது எமிஷன் அளக்கிறது இல்லையான்னு. அளக்கிறதுதான், ஆனா இந்த கணக்குக்கு உதவாது. பெட்ரோல் வண்டிக்கு நிப்பாட்டி ஐட்லிங்ல வச்சு கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம், எரியாத ஹைட்ரோகார்பன் எவ்வளவுன்னு பாக்காங்க, டீசல் வண்டிக்கு ஆக்சிலேட்டர மிதிச்சு புகை எவ்வளவு கருப்பா வருதுன்னு வெளிச்சத்த வச்சு பாக்காங்க. நைட்ரஜன் ஆக்சைடு அளக்கிறது இல்ல, தூசுக்கு கிராம் கணக்கு கிடையாது, லோடு ஏத்திக்கிட்டு மேடேறும்போது என்ன ஆகுதுன்னும் தெரியாது. மோசமான வண்டிய புடிக்கிறதுக்கு அது ஒரு வலை, அவ்வளவுதான்.

மிஷினே இல்லாம பேப்பர்ல கண்டுபுடிக்கிற ஒரு அழகான வழியும் இருக்கு, எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்ப புடிச்சது இதுதான். சல்பர் டை ஆக்சைடு. எரிபொருள்ல இருக்குற கந்தகம் எங்கயும் மறைஞ்சு போவாது, எரிஞ்சா ஆக்சிஜனோட சேர்ந்து ரெண்டு மடங்கு எடையாயிரும், ஏன்னா கந்தகத்தோட அணு எடை 32, சல்பர் டை ஆக்சைடு 64. அரை சதவீதம் கந்தகம் உள்ள நிலக்கரி 1 டன் எரிச்சா 5 கிலோ கந்தகம், 10 கிலோ சல்பர் டை ஆக்சைடு, சாம்பலோட நிக்கிறது கொஞ்சம் கழியும். பிஎஸ்-6 டீசல்ல கந்தகம் அதிகபட்சம் 10 பிபிஎம்தான், அதாவது பத்து லட்சம் பங்குல 10 பங்கு. 1,000 லிட்டர் டீசல் சுமார் 830 கிலோ, அதுல கந்தகம் 8.3 கிராம், எல்லாம் எரிஞ்சாலும் 17 கிராம் கூட வராது. ஒரு டன் கரிக்கு 10 கிலோ, முக்கால் டன்னுக்கு மேல உள்ள டீசலுக்கு 17 கிராம். அப்ப ஒரு ஊரு காத்துல சல்பர் டை ஆக்சைடு கூடுதுன்னா பஸ்ஸ பாக்கக்கூடாது, கரி எங்க எரியுதுன்னு பாக்கணும்னு ஒரு கால்குலேட்டரே சொல்லிரும்.

பெரிய சிம்னிக்கு இந்த குத்துமதிப்பு எல்லாம் வேண்டாம், நேராவே அளக்கலாம். தாழையூத்து பக்கம் போனா தெரியுற சிமெண்ட் ஆலை சிம்னி மாதிரி உள்ளதுக்கெல்லாம் ஆன்லைன் மானிட்டர் கண்டிப்பா இருக்கணும், அதிகம் மாசு பண்ற 17 வகை தொழிலுக்கு 2014-ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட உத்தரவு அது, சிமெண்ட்டும் அனல்மின் நிலையமும் அந்த லிஸ்ட்ல உண்டு. மானிட்டர் காட்டுற அளவையும் சிம்னி வழியா மணிக்கு எத்தனை கன மீட்டர் காத்து போகுதுங்கிறதையும் பெருக்கணும். கன மீட்டருக்கு 30 மில்லிகிராம் தூசு, மணிக்கு 1 லட்சம் கன மீட்டர் காத்துன்னா மணிக்கு 3 கிலோ, நாளைக்கு 72 கிலோ. ஆன்லைன் மிஷின் இல்லாத சிம்னியில ஆளு ஏறி, ஓட்டை வழியா குழாய விட்டு, உள்ள ஓடுற புகைய உறிஞ்சி ஃபில்டர்ல புடிச்சு எடை போடணும். இதுல ஒரு நுணுக்கம், உள்ள புகை எவ்வளவு வேகத்துல போகுதோ அதே வேகத்துலதான் உறிஞ்சணும். மெதுவா உறிஞ்சுனா கனமான தூசு அதோட வேகத்துல குழாய்க்குள்ள கூடுதலா பாஞ்சிரும், கணக்கு ஏறிரும், வேகமா உறிஞ்சுனா கனமான தூசு திரும்ப முடியாம நேரா போயிரும், கணக்கு குறைஞ்சிரும். சிம்னி ரிப்போர்ட்ட கையில வாங்குனா இந்த வேகம் ஒத்துப்போச்சான்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க, அது இல்லாம அந்த தூசு எண்ணுக்கு மதிப்பு கிடையாது.

புகையே இல்லாம வர்ற மாசுதான் நம்ம பக்கம் பெரிய தலைவலி, ரோட்டுப் புழுதி. கிரஷர்ல இருந்து தார்ப்பாய் சரியா போடாம வர்ற லாரி சிந்திட்டு போற பொடி, பாதாள சாக்கடைக்கும் குடிதண்ணி குழாய்க்கும் தோண்டி மூடாம விட்ட மண்ணு, ரெண்டு ஓரமும் தார் இல்லாத மண்பட்டை, இதெல்லாம் வண்டி போகப் போக அரைபட்டு மாவாகி பறக்கும். அத எப்படி கணக்கு போடுதாங்கன்னா, ரோட்டுல ஒரு இடத்த அளந்து கோடு போட்டு, வண்டிய கொஞ்ச நேரம் நிப்பாட்டி, கூட்டியோ வேக்குவம் வச்சோ எல்லா மண்ணையும் எடுத்து, காய வச்சு, சல்லடையில சலிச்சு, 75 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ உள்ள பொடிய மட்டும் எடை போட்டு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு எடுப்பாங்க. ஏபி-42ல உள்ள சூத்திரத்துல அந்த எண்ணையும், அந்த ரோட்டுல ஓடுற வண்டிங்களோட சராசரி எடையையும் போட்டா கிலோமீட்டருக்கு எவ்வளவு தூசு கிளம்பும்னு வரும். பொடி ரெண்டு மடங்கானா தூசு கிட்டத்தட்ட 1.9 மடங்கு ஆகும், சராசரி எடை ரெண்டு மடங்கானா தூசும் ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் மேல. மழை நாளுக்கு கழிச்சுக்கணும், நமக்கு அது பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகைதான். இந்த சூத்திரத்த பாத்த பெறகு தார்ப்பாய் போடாத லாரிய பாத்தா வர்ற கோவம் வேற ரகம்.

குப்பை எரிக்கிறது எண்ணவே முடியாத கேசு மாதிரி தோணும். ராமையன்பட்டி குப்பைக் கிடங்கு கோடையில தீப்புடிச்சா ஊருக்கே தெரியும், பேப்பர்ல வரும், ஆனா தெருமுக்குல சாயங்காலம் கூட்டி கொளுத்துற சின்ன குவியல் எந்த ரெக்கார்டுலயும் வராது. இதுக்கு நடந்துதான் ஆகணும். சில தெருவ தேர்ந்தெடுத்து, நேரம் மாத்தி மாத்தி நடந்து, எரியுற குவியலையும் எரிஞ்ச சாம்பலையும் எண்ணி, ஒரு குவியல் எத்தனை கிலோ இருக்கும்னு எடை போட்டு பாத்து, அத மொத்த ஊருக்கும் பெருக்குவாங்க. டெல்லியிலயும் ஆக்ராவுலயும் இப்படி நடந்து எண்ணுன ஆய்வு வந்திருக்கு. ஒரே ஒரு ஏரியாவ வச்சு ஊருக்கே பெருக்குனா தப்பாயிரும், மகாராஜநகர் தெருவும் மேலப்பாளையம் தெருவும் ஒண்ணு கிடையாது, குப்பை வண்டி எங்க தினமும் வருது எங்க வரலங்கிறத பொறுத்து எல்லாம் மாறும். போகிய கணக்குல சேக்கணுமான்னா, மெட்ராஸ் அளவுக்கு நம்ம பக்கம் கொளுத்துறது இல்ல, ஆனா பொங்கலன்னைக்கு வாசல்ல பனையோலை எரிச்சு பொங்கல் விடுற ஊரு நம்ம ஊரு, ஒரு நாள்னாலும் நேர்மையா போடணும்னா அதையும் போடணும்தான்.

அடுப்பு, பேக்கரி, அல்வா கிண்டுற இடம், விறகு போடுற ஹோட்டல், கரண்ட் போனா ஓடுற ஜெனரேட்டர், இதெல்லாம் சர்வே எடுத்து விறகு எத்தனை கிலோ, டீசல் எத்தனை லிட்டர்னு கேட்டு போடுறதுதான். செங்கச் சூளைக்கு எத்தனை லட்சம் கல்லு, என்ன எரிபொருள், எத்தனை மாசம் ஓடும்னு கேக்கணும், மழைக்காலத்துல வேலை நடக்காது, அதனால பன்னிரண்டு மாசத்தால பெருக்கிட்டா தப்பு.

எல்லாத்தையும் சேர்த்த பெறகு ஊர மேப்ல கட்டம் கட்டமா பிரிப்பாங்க. நம்ம நாட்டு ஆய்வுகள்ல 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர்னு கட்டம் போடுறது வழக்கம். எந்த கட்டத்துல எந்த ரோடு, எந்த சிம்னி, எத்தனை வீடுன்னு பாத்து பங்கு வைப்பாங்க. ஊரு எல்லை எதுங்கிறதுலயும் சண்டை வரும், மதுரையில இருந்து நாகர்கோவில் போற லாரி பைபாஸ் வழியா நம்ம ஊரத் தொட்டுட்டு போகுது, அது யாரு கணக்கு? நம்ம கட்டத்துக்குள்ள ஓடுற தூரம் வரைக்கும் நம்ம கணக்குதான்.

போட்ட கணக்கு சரியான்னு எப்படி தெரியும். ஒரு வழி, எண்ணுன வண்டியெல்லாம் எத்தனை லிட்டர் குடிச்சிருக்கும்னு மைலேஜ வச்சு கணக்கு போட்டு, ஊரு பங்க்ல மொத்தமா வித்த பெட்ரோல் டீசலோட ஒப்பிடுறது. ரொம்ப இடிச்சுதுன்னா எண்ணுனதுல எங்கயோ ஓட்டை. இன்னொரு வழி எதிர்ப்பக்கத்துல இருந்து வர்றது, காத்துல இருக்குற தூச ஃபில்டர்ல புடிச்சு அதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு லேப்ல பாக்கிறது. சிலிக்கானும் அலுமினியமும் இருந்தா மண்ணு, விறகு எரிஞ்சா லெவோகுளுக்கோசான்னு ஒரு பொருள் வரும், சோடியமும் குளோரினும் கடல் உப்பு, வெனடியமும் நிக்கலும் கப்பல் எண்ணெய் மாதிரி கனமான எண்ணெய். இப்படி கைரேகை பாத்து பங்கு பிரிக்கிறதுக்கு சோர்ஸ் அப்போர்ஷன்மெண்ட்னு பேரு. சென்னை, பெங்களூர், டெல்லி, மும்பை, புனே, கான்பூர்னு ஆறு ஊருக்கு மத்திய வாரியம் இன்வென்ட்ரியும் இதையும் சேர்த்தே பண்ணுச்சு. ரெண்டும் அச்சுப்போல ஒத்துப்போவாது, போவவும் கூடாது, ஏன்னா தூசுல ஒரு பங்கு சிம்னியில இருந்து தூசா வர்றதே இல்ல, சல்பர் டை ஆக்சைடா கிளம்பி, காத்துல அம்மோனியாவோட சேர்ந்து அப்பறமா தூசா மாறும், அதுக்குள்ள அது தூத்துக்குடியில கிளம்புனதா எங்க கிளம்புனதான்னு ஊரு தாண்டி வந்திருக்கும்.

தூத்துக்குடி, சென்னை, மதுரை, திருச்சி எல்லாம் 2019-ல ஆரம்பிச்ச தேசிய தூய காற்றுத் திட்டத்துல இருக்கு, நெல்லை அதுல இல்ல. திட்டத்துல இல்லாத ஊருன்னா சென்சார் வாங்கி மாட்டி டிஸ்ப்ளே போர்டு வைக்கிறதோட ஆர்வம் நின்னுருது, நாலு ரோட்டுல நின்னு வண்டி எண்ண ஆளு வர்றது இல்ல. எனக்கு கேட்டா போர்டுக்கு செலவழிக்கிற காசுல காலேஜ் புள்ளைங்கள வச்சு ஒரு வாரம் ரோட்டுல எண்ண விட்டா ஊருக்கு பிரயோஜனம் ஜாஸ்தி.

இனி பேப்பர்லயோ வாட்சப்லயோ "காத்து மாசுக்கு இன்னது இத்தனை சதவீதம் காரணம்"னு வட்டம் போட்டு கலர் அடிச்ச படம் வந்தா, முதல்ல அது பி.எம். 10-க்கா (10 மைக்ரான் வரைக்கும் உள்ள தூசு) பி.எம். 2.5-க்கான்னு (2.5 மைக்ரான் வரைக்கும் உள்ள பொடித்தூசு) பாருங்க, பெரிய தூசுல ரோட்டுப் புழுதி பெரும்பாலும் முன்னால நிக்கும், பொடித்தூசுல எரியுற சாமான் முன்னால வரும், ஒரே ஊருக்கு ரெண்டு படமும் உண்மையாவே இருக்கலாம். அப்பறம் அது விட்ட கணக்கா, காத்துல நின்ன கணக்கா. எந்த வருஷத்து கணக்கு, 2020-க்கு முந்தினதுன்னா வண்டி பங்க அப்படியே நம்பாதீங்க. வெறும் மாநகராட்சி எல்லைக்கா, சுத்துவட்டார சூளையும் கிரஷரும் சேர்ந்ததா. கடைசியா, "மற்றவை"ன்னு ஒரு துண்டு இருக்கும் பாத்தியளா, அது எத்தனை சதவீதம்னு பாருங்க, சில படத்துல அதுதான் பெரிய துண்டா இருக்கும்.